புளிக்காத பதநீர்

கறையான் என்றால் எல்லோருக்கும் தெரியும். புற்றுக் கட்டும், சுவரில் மண்கோடு இழுக்கும், கதவு நிலையைத் தின்னும். கலவானப் பக்கத்துத் தேயிலையில் புகுந்திருந்த கறையான் அந்த ஜாதி இல்லை. அதற்குப் புற்றும் கிடையாது, மண்ணும் வேண்டாம். கிளை கழித்துக் கவ்வாத்து வெட்டிய காயத்தின் வழியாக உள்ளே போய், உயிரோடு நிற்கிற செடியின் உடம்புக்குள்ளேயே குடும்பம் நடத்தும். வெளியே நின்று பார்த்தால் செடி பச்சைப் பசேலென்று இருக்கும். ஒரு நாள் கொழுந்து எடுக்கிறவள் கிளையில் கை வைப்பாள், அது முறுக்கு மாதிரி ஒடிந்து கையோடு வரும். இப்படிப்பட்ட களவாணிப் பூச்சியோடு மல்லுக்கட்டத்தான் ஞானாம்பிகையை அந்தத் தோட்டத்துக்கு அனுப்பியிருந்தார்கள்.

சங்கானைப் பெண். தாவரவியல் படித்தவள். ஆராய்ச்சி நிலையமொன்றில் உதவியாளர் வேலை. அங்கே அவளுக்குக் கோபக்காரி என்று பெயர் வைத்திருந்தார்கள். அநியாயம் என்றால் இதுதான்! கேட்ட சாமானைக் கொடுப்பதில்லை, சொன்ன பேச்சைக் காதில் போடுவதில்லை, ஆறு தடவை விளங்கப்படுத்தினால் ஏழாவது தடவை முதலிலிருந்து கேட்பது. இத்தனையும் செய்துவிட்டுக் கோபக்காரி என்றால், அவள் என்ன கல்லா?

அவள் சொன்னது பெரிய சிதம்பர ரகசியமும் இல்லை. கறையானுக்கும் வருத்தம், அதாவது நோய், வரும். அதை வரவைக்கிற பாக்டீரியா ஒன்று இருக்கிறது. கறையான்கள் ஒன்றை ஒன்று நக்கும், ஒன்றின் வாயிலிருந்து மற்றது சாப்பிடும். ஆகவே நாலுக்கு வருத்தத்தைப் பிடிக்க வைத்தால் அந்தக் குடும்பமே படுத்துவிடும். நஞ்சு வேண்டியதில்லை. நிலையத்தில் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, பாக்டீரியா வளர்ந்த சின்னக் கண்ணாடிக் குழாய்கள் சிலவற்றைத் தந்தார்கள். "முயற்சி செய்து பாருங்கோ" என்றார்கள். அதை வளர்க்கிற சத்துத்தூள் கேட்டதற்கு, கையிருப்பில் இல்லையாம். சீனியாவது தாருங்கோ என்றாள். அது சீனிக்கு ரேஷன் இருந்த காலம். சிரித்தார்கள்.

தோட்டத்துப் பெரிய தொரை அவ்வளவு சிரிக்கவில்லை. சிங்கள மனிதர், தோட்டத் தமிழ் தண்ணீர் பட்ட பாடாகப் பேசுவார். நாலாம் நம்பர் மலைதான் அவருடைய தலையிடி. அந்த மலை முழுக்கக் கறையான்.

"மாசம் முடியிறதுக்குள்ள செத்த கறையானக் காட்டுங்க மிஸ்" என்றார். "இல்லாட்டி ஸ்டோர்ல நஞ்சு மருந்து பீப்பா பீப்பாவா இருக்கு. ஊத்திருவேன். ஒங்க கிருமிய நம்பி மலையச் சாகவிட முடியாது."

"மலைக்குக் கீழை பீலி இருக்குது, சேர்."

"தெரியும்."

தெரியுமாம்! தெரிந்துகொண்டுதான் சொல்கிறார். நாலாம் நம்பர் மலையின் அடியில் ஒரு ஊற்று. அதில் மூங்கிலைச் செருகி வைத்திருந்தார்கள். அந்தப் பீலித் தண்ணீரைத்தான் கீழ் லயத்து வரிசை வீடுகளின் சனம் முழுவதும் குடித்தது, சமைத்தது. பக்கத்து டிவிசனில் போன வருடம் இதே மருந்தை ஊற்றினார்கள். ஓடையில் மீனெல்லாம் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. அதற்குப் பிறகு அந்த லயத்துப் பெண்கள் ஆற்றுத் துறைக்கு இறங்கி ஏறித்தான் தண்ணீர் சுமக்கிறார்கள். மழையிலும் அதே பாதைதான்.

அவளுக்கு உதவிக்கென்று தோட்டம் கொடுத்தவள் காத்தாயி. அந்தக் கீழ் லயத்தில்தான் அவள் காம்பரா, ஒற்றை அறை. இடுப்புக் குழந்தையை, வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்க்கிற புள்ளக்காம்பராவில் விட்டுவிட்டு வருவாள். முதல் நாளே கேட்டாள்.

"கிருமின்னு சொல்றீங்க. நம்ம புள்ளைகளுக்கு வயித்தால போகாதுங்களா?"

"இது கறையானைத்தான் பிடிக்கும் காத்தாயி. ஆக்களைப் பிடிக்காது."

"அப்ப சரிங்க. பீலியில அந்த மருந்து எறங்காம இருந்தாச் சரி. எம் புள்ளைய இடுப்புல வச்சிக்கிட்டு ஆத்துல எறங்கி ஏற என்னால ஏலாதுங்க."

அதோடு நிறுத்திக்கொண்டாள். ஒரு தடவை சொன்னதும் விளங்கிக்கொண்ட ஒரே ஆள் என்று ஞானாம்பிகை மனதுக்குள் கும்பிடு போட்டாள்.

சத்துத்தூளும் இல்லை, சீனியும் இல்லை. என்னத்தில் வளர்ப்பது? கலவானவில் இல்லாத ஒன்றுக்காக அழுவதைவிட இருக்கிறதைப் பார்க்கவேண்டும். கித்துல் மரம் இருந்தது, பனை ஜாதி. திரும்பிய பக்கமெல்லாம் கித்துல். அதன் பதநீரில் சீனி நிறைய. அதைக் காய்ச்சி, கௌபிப் பயறு அவித்த தண்ணீரைச் சேர்த்து, ஆறவைத்து, பாக்டீரியாவைப் போட்டால் போதும். யோசனை வந்தபோது அவளுக்கே தன் மேல் கொஞ்சம் பெருமையாக இருந்தது.

அவள் கலவானக் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு வீட்டில் அறை எடுத்துத் தங்கியிருந்தாள். வீட்டுக்காரி உம்மு குல்தூம். கணவனை இழந்தவர், ஐந்து நேரமும் தொழுகிறவர், வாய் கொஞ்சம் நீளம், மனசு அதைவிட நீளம். பின்பக்கத்து அடுப்படியைத் தரச் சம்மதித்தார். பதநீர் என்றதும்தான் முகம் மாறியது.

"மிஸ், நீங்க என்னத்த வேணும்டாலும் காச்சுங்கொ. கிருமியோ என்னமோ, எனக்கு அதெல்லாம் வெளங்காது. கள்ளு மட்டும் ஏன்ட ஊட்டு வாசப்படி ஏறப்படாது. அவர் மவுத்தாகுற வரைக்கும் தொழுத ஊடு."

"கள்ளு இல்லை உம்மா. பதநீர். இனிப்புத்தான்."

"இண்டைக்கு இனிக்கும். நாளைக்கு?"

ஞானாம்பிகை வாயைத் திறந்தாள். வந்த உடனேயே காய்ச்சிப்போடுவேன், காய்ச்சினால் புளிக்காது, கள்ளாக வழியே இல்லை என்று சொல்லத்தான் திறந்தாள். அன்று காலையிலிருந்து தொரைக்குச் சொல்லி, கிளார்க்குக்குச் சொல்லி, கணக்கப்பிள்ளைக்குச் சொல்லி, பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் போத்தலைப் பார்த்துக் கேட்டதற்குச் சொல்லி, நாக்கு வறண்டு போயிருந்தது. இனி ஒரு ஆளுக்கு விளங்கப்படுத்த அவளிடம் உயிர் இல்லை.

"அது கள்ளாகாது. நான் பொறுப்பு" என்றாள். அவ்வளவுதான்.

உம்மு குல்தூமின் தம்பி மர்சூக் அப்போது முற்றத்தில் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார். கருவாட்டுக் கடை வைத்திருக்கிறவர். மலையடிவாரத்துக் கித்துல்காரர்கள் எல்லோரும் அவருக்குப் பழக்கம். "நான் கொண்டு வந்து தாறேன் ராத்தா. ஒண்டுக்கும் பயப்படாதீங்கொ" என்று அக்காவுக்குச் சொன்னார்.

அந்த இடத்தில் ஞானாம்பிகை கெட்டிக்காரத்தனமாக ஒன்று கேட்டாள். யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்தவளுக்குப் பனையைப் பற்றி யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. பனம் பதநீர் புளிக்காமல் இருக்க முட்டியில் சுண்ணாம்பு பூசுவார்கள். சுண்ணாம்பு இருந்தால் அவளுடைய பாக்டீரியாவுக்கு ஆகாது.

"நானா, முட்டிக்குள்ளை சுண்ணாம்பு பூசுறவங்களோ?"

"சுண்ணாம்பா? இங்க அப்பிடிப் பழக்கமே இல்லயே மிஸ்."

"வடிவாத் தெரியுமோ? ஒரு பொட்டுச் சுண்ணாம்பு இருந்தாலும் எனக்கு வேண்டாம்."

"அல்லா அறிய இல்ல."

அவள் திருப்தியாக உள்ளே போனாள். கேட்க வேண்டியதைக் கேட்டாகிவிட்டதே!

பதநீர் வந்தது. மர்சூக் சொன்ன சொல் தவறாதவர். வெள்ளை வெளேரென்று கலங்கிய பதநீர், தேன் மணம். அவள் காய்ச்சினாள், ஹோர்லிக்ஸ் போத்தல்களை அவித்தாள், ஊற்றினாள், குழாயிலிருந்து பாக்டீரியாவைப் போட்டு வெள்ளைத் துணியால் வாயைக் கட்டினாள். இந்தப் பாக்டீரியா வளர்ந்தால் சிவக்கும். நாள் போனது, சிவக்கவில்லை. கலங்கலாக இருந்தது, ஆனால் சிவப்பில்லை. புத்தகத்தைப் புரட்டினாள். வெப்பம் கூடிய இடத்தில் நிறம் வராமலே வளரக்கூடும் என்று போட்டிருந்தது. கலவான வெக்கையும் அடுப்படிச் சூடும் சேர்ந்தால் நிறம் எங்கே வரும்? சரிதான் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். பதநீரே பிறவியில் கலங்கல்தான் என்பது அப்போது அவளுக்கு உறைக்கவில்லை.

தையல் மெசினுக்கு எண்ணெய் விடுகிற மூக்கு நீண்ட டப்பா ஒன்றைக் கடையில் வாங்கினாள். அவளும் காத்தாயியும் செடி செடியாகப் போனார்கள். கவ்வாத்துக் காயத்தில் பொந்து தேடுவது, டப்பா மூக்கை உள்ளே விட்டு அமுக்குவது, களிமண்ணால் அடைப்பது. அட்டை ஏறாத இடமில்லை. காத்தாயி தன் காலிலிருந்ததைப் பிடுங்கி எறிவதற்கு முன் இவள் காலிலிருந்ததைப் பிடுங்கி எறிவாள்.

"சாகுங்களா?" என்று ஒவ்வொரு வரிசை முடிவிலும் கேட்டாள்.

"சாகும் காத்தாயி. சாகத்தான் வேணும்."

மாசக் கடைசியில் தொரை வந்தார். கத்திக்காரனைக் கூப்பிட்டு, களிமண் அடைத்திருந்த செடியொன்றை வெட்டிப் பிளக்கச் சொன்னார். பிளந்தது. சோற்றுப் பானை கவிழ்ந்த மாதிரி வெள்ளை வெளேரென்று கறையான் கொட்டியது. ஓடின, ஒன்றன்மேல் ஒன்று ஏறின, பொந்துக்குள் திரும்ப இடம் தேடின. இன்னொரு செடி. அதிலும் அப்படித்தான். மூன்றாவதை வெட்ட வேண்டாம் என்று அவரே கையைக் காட்டினார்.

சத்தம் போட்டிருந்தாலாவது பரவாயில்லை. அந்த மனுசன் மரியாதையாகப் பேசினார்.

"நல்லாச் சாப்பாடு போட்டிருக்கீங்க மிஸ். போன மாசத்தவிடக் கொழுத்திருக்கு."

கத்திக்காரன் சிரித்தான். கணக்கப்பிள்ளை குடையால் வாயை மறைத்துக்கொண்டார். ஞானாம்பிகைக்கு நிலம் பிளந்து விழுங்காதா என்று இருந்தது.

"வியாழக்கிழம மருந்து ஊத்துறோம்" என்றார் தொரை. அவர் ஜீப்பில் ஏறிப் போனார். காத்தாயி பிளந்து கிடந்த செடியைக் காலால் ஒதுக்கிவிட்டுப் புள்ளக்காம்பராப் பக்கம் நடந்தாள். திட்டியிருக்கலாம். அது இன்னும் சுலபமாக இருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்து கதிரையில் விழுந்தவளின் முகத்தைப் பார்த்த உம்மு குல்தூம், அலுமினியக் குவளை ஒன்றைக் கொண்டுவந்து கையில் கொடுத்தார்.

"குடிங்கொ மிஸ். வாடிப் போயி வந்தீக்கிறீங்க."

இனிப்பு. நல்ல குளிர்ச்சி. பாதி குடித்த பிறகுதான் கேட்டாள். "என்ன உம்மா இது?"

"பதநிதான். அண்டைக்கு மர்சூக் கொண்டு வந்ததில மிச்சம். பாணி காச்சுவம்டு எடுத்து வெச்சேன். பாருங்கொ, ஒரு கிழமைக்கு மேல போகியும் தேன் மாதிரி ஈக்கி. நீங்க சென்னது மெய்தான், கள்ளாகவே இல்ல."

குவளை வாயில் வைத்தபடி நின்றுவிட்டது.

ஒரு கிழமைக்கு மேலா? கலவான வெக்கையில்? காலையில் வாங்கின பால் மத்தியானத்துக்குத் தாங்காது இந்த ஊரில். பச்சைப் பதநீர், காய்ச்சாத பதநீர், ஒரு கிழமைக்கு மேல் புளிக்காமல் நிற்கிறது என்றால் அதில் எதுவுமே வளரவில்லை. எதுவுமே வளராத ஒன்றில் அவளுடைய பாக்டீரியா மட்டும் எப்படி வளரும்? நாள் கணக்காக அவளும் காத்தாயியும் அட்டைக் கடி வாங்கிக்கொண்டு கறையானுக்கு இனிப்புத் தண்ணீர் பருக்கியிருக்கிறார்கள். கொழுத்திருக்கிறது என்று அந்த மனுசன் சொன்னது பகிடி இல்லை, உண்மை!

"மர்சூக் நானாவைக் கூப்பிடுங்கோ" என்றாள்.

மர்சூக் கடைப் பையனிடம் தராசைக் கொடுத்துவிட்டு வந்தார். கேட்டதும் அவர் முகம் மலர்ந்ததே, அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"ஹல் பட்ட மிஸ்! ஹல் மரத்துப் பட்டய முட்டிக்குள்ள போட்டாப் பதநி புளிக்கிறல்ல. இங்க கருப்பட்டிக்கு எடுக்கிற ஆக்கள் எல்லாரும் போடுறதானே. ஒரு துண்டு போடுற எடத்தில மூணு துண்டு போடச் சென்னேன். ராத்தாட ஊட்டுக்குப் போற சாமான், நீங்களும் வாக்குக் குடுத்தீக்கி. கெட்டுப்போனா ரெண்டு பேருக்கும் மரியாத இல்லயே."

"நான் கேட்டனான் தானே! சுண்ணாம்பு இல்லையெண்டு சத்தியம் பண்ணினீங்களே!"

"சுண்ணாம்பு இல்லத்தானே மிஸ். பட்டயப் பத்தி நீங்க கேக்கல்லயே."

ஐயோ, கேட்கவில்லைதான். பனையை வைத்துக் கித்துலை அளந்திருக்கிறாள். மர்சூக்கைத் திட்ட வாய் வரவில்லை. அந்த மனிதர் அவளுடைய மானத்தைக் காப்பாற்ற மூன்று துண்டு பட்டை போட்டிருக்கிறார். உம்மு குல்தூமைத் திட்டலாமா? அவர் வீட்டின் ஒழுங்கைச் சொன்னார். யாரையும் திட்ட முடியாத கோபம் எவ்வளவு கேவலமான கோபம்! கையிலிருந்த குவளையை ஓங்கி நிலத்தில் அடித்தாள். அலுமினியக் குவளை. உடையக்கூட இல்லை. உருண்டு போய் வாசலில் நின்றது.

"நான் அதை வந்த உடனை காய்ச்சிப் போடுறனான் உம்மா" என்றாள், அழுகையும் ஆத்திரமுமாக. "காய்ச்சினால் அது கள்ளாகவே ஆகாது. பட்டையே தேவையில்லை."

உம்மு குல்தூம் குனிந்து குவளையை எடுத்தார். நசுங்கிய இடத்தை விரலால் தடவினார்.

"அத அண்டைக்கே செல்லீக்கலாமே புள்ள."



இன்னும் ஒரே ஒரு குழாய் மிச்சம் இருந்தது. மறுநாள் விடியப்புறமே மர்சூக் சைக்கிளில் போனார். பட்டை போடாத பதநீர் வெயில் ஏறுவதற்குள் வந்து சேர்ந்தது, வரும் வழியிலேயே நுரைத்துக்கொண்டு. கள்ளு வாடை முற்றத்துக்கே வந்துவிட்டது. மர்சூக் படலைக்கு வெளியே தயங்கி நின்றார். உம்மு குல்தூம் முக்காட்டுத் துணியால் மூக்கைப் பொத்திக்கொண்டு, தானே போய்ப் படலையைத் திறந்தார்.

"பொறத்தால வாங்கொ. சுருக்கா! யா அல்லாஹ், மன்னிச்சிக்கொ. மிஸ், அடுப்பு மூட்டியாச்சி, பாத்துக்கொண்டு நிக்காம ஊத்துங்கொ!"

ஞானாம்பிகை இந்தத் தடவை போத்தல்களை அடுப்படியில் வைக்கவில்லை, கிணற்றடி நிழலில் ஈரச் சாக்கால் மூடி வைத்தாள். மறுநாள் போத்தலின் ஓரத்தில் மெல்லிய ரோஸ் நிறம். அதற்கடுத்த நாள் காலையில் சாக்கைத் தூக்கியவள் அப்படியே குந்திவிட்டாள். போத்தல் போத்தலாகச் செவ்வரத்தம்பூச் சிவப்பு. உம்மு குல்தூம் கூட வந்து பார்த்து, "மாஷா அல்லாஹ்" என்றார்.

அன்று புதன்கிழமை. வியாழக்கிழமைக்கு முன் தொரையின் காலில் விழுந்தாவது இன்னும் பத்து நாள் தவணை வாங்கிவிடலாம் என்று போத்தல்களைச் சாக்கில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினாள்.

மலையில் ஆட்கள் நின்றார்கள். மேல் வரிசையிலிருந்து வாளி வாளியாக ஊற்றிக்கொண்டு கீழே வந்துகொண்டிருந்தார்கள். மூக்கைத் துளைக்கிற நாற்றம்.

"வியாழக்கிழமை எண்டுதானே சொன்னவர்!" என்று கணக்கப்பிள்ளையிடம் கத்தினாள்.

"மழ வரும்னு தொர இன்னைக்கே ஊத்தச் சொல்லிட்டாருங்க. நான் என்னங்க செய்யட்டும்?"

அவர் என்ன செய்வார்! காத்தாயி கீழ் ரோட்டோரத்தில் நின்றாள். சாக்கை வாங்கினாள். இருவரும் ரோட்டோரத்து வரிசைகளிலிருந்து தொடங்கினார்கள். டப்பாவை அமுக்க அமுக்க விரலெல்லாம் சிவந்தது. வாளிக்காரர்கள் இறங்கி வருமுன் ரெண்டு வரிசை முடிந்தது. ஞானாம்பிகை அந்த வரிசைக்குக் குறுக்கே கையை விரித்துக்கொண்டு நின்றாள்.

"இதிலை ஊத்த விடமாட்டன். என்ரை தலையிலை ஊத்துங்கோ!"

"ஊத்துறதுக்கு எங்க இருக்குங்க? பீப்பா முடிஞ்சிருச்சு" என்றான் ஒருவன், வாளியைக் கவிழ்த்துக் காட்டி. அத்தனை வீறாப்பும் வீணாயிற்று.

சாயந்தரம் மழை கொட்டியது. மறுநாள் கணக்கப்பிள்ளை ஆள் அனுப்பி, பீலி மூங்கிலைப் பிடுங்கிப் போட்டு, யாரும் அந்தத் தண்ணீரை எடுக்கக்கூடாது என்று காலையில் ஆட்களைக் கணக்கெடுக்கிற பெரட்டில் சொன்னார்.

மூன்று கிழமை போன பின் தொரை பார்க்க வந்தார். ஜீப்பை விட்டு இறங்கி நாலு எட்டு வைத்தார், ரோட்டோரத்துச் செடியைக் காட்டினார். கத்திக்காரன் பிளந்தான். உள்ளே ஒன்றும் ஓடவில்லை. கறையான் அத்தனையும் சுருண்டு செத்துக் கிடந்தன, செம்பட்டை நிறத்தில். இன்னொன்று, அதுவும் அப்படியே. ஞானாம்பிகை குனிந்து ஒன்றைக் கையில் எடுத்தாள். செத்துவிட்டன! அவளுடைய பாக்டீரியா கொன்றுவிட்டது!

"பாத்தீங்களா மிஸ்?" என்றார் தொரை, முகமெல்லாம் சிரிப்பாக. "இதுதான் மருந்து! இனி அஞ்சாம் நம்பருக்கும் ஊத்திரலாம்."

"ஐயோ சேர், இந்த ரெண்டு வரிசைக்கு மருந்தே ஊத்தேல்லை! இது நான் விட்டது!"

"நாலாம் நம்பர் முழுக்க ஊத்துனதாத்தானே எனக்குச் சொன்னாங்க?"

கணக்கப்பிள்ளை செருப்பைப் பார்த்தார்.

"மேலை ஏறி ஒரு செடியை வெட்டிப் பாருங்கோ. ஒண்டே ஒண்டு!"

தொரை மேலே பார்த்தார். மழைக் கருக்கல். பிறகு தன் வெள்ளைக் காலுறையைப் பார்த்தார். "அட்ட கடிக்கும் மிஸ்" என்றார். ஜீப் போய்விட்டது.

அஞ்சாம் நம்பருக்கு அடியிலும் ஒரு பீலி, அதற்கும் ஒரு லயம். அவள் ஜெயித்ததை வைத்தே அங்கேயும் நஞ்சு இறங்கப் போகிறது. இப்படியொரு கூத்து உலகத்தில் யாருக்காவது நடக்குமா? ஞானாம்பிகை சேலையைத் தூக்கிச் செருகினாள்.

"காத்தாயி, கத்தியை வாங்கு."

ஏறினார்கள். மருந்து நாற்றம் இன்னும் மண்ணில் இருந்தது. நடு மலையில் ஒரு செடியைக் காத்தாயி ஒரே போடாகப் போட்டாள். பிளந்த மரத்துக்குள் வெள்ளை வெளேரென்று கறையான் ஓடித் திரிந்தன. மருந்து மண்ணுக்குப் போனது, அங்கிருந்து தண்ணீருக்குப் போனது. மரத்துக்குள் இருந்ததுகளுக்குச் சேதியே தெரியவில்லை.

அந்தக் கிளையைத் துணியில் சுற்றி ஒரு கக்கத்தில், ரோட்டோரத்துக் கிளையை மற்றக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஆபீசுக்குள் நுழைந்தாள். கிளார்க் எழும்பி "மிஸ், மிஸ்" என்றதை அவள் சட்டை செய்யவில்லை. தொரையின் மேசைக்கு நேரே போய் முதல் கிளையை உதறினாள். மேசை முழுக்கக் கறையான். மையொற்றும் தாளில், தேநீர்க் கோப்பை விளிம்பில், அவருடைய சட்டைக் கையில்.

"இது நீங்கள் ஊத்தினது."

இரண்டாவதை உதறினாள். செம்பட்டை நிறத்தில் பொலபொலவென்று விழுந்தன.

"இது நான் ஊத்தினது. என்ன நிறமெண்டு பாருங்கோ. உங்கடை மருந்து சிவப்போ?"

தொரை கதிரையைப் பின்னால் தள்ளினார். சட்டையைத் தட்டினார். திட்டப்போகிறார், வெளியே போகச் சொல்லப் போகிறார் என்று அவள் நின்றாள். அவர் இரண்டு குவியலையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அஞ்சாம் நம்பருக்கு ஒங்க சிவப்புத் தண்ணி எவ்வளவு வேணும்?"

இத்தனை மாதமாக இந்த ஒரு கேள்விக்குத்தான் அவள் தவம் கிடந்தாள். கேட்டபோது சந்தோசம் வரவில்லை. கணக்குச் சொன்னாள், வெளியே வந்தாள்.

காத்தாயி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, காலிக் குடத்தோடு நின்றாள். ஆற்றுத் துறைக்குப் போகிற நேரம். இருவரும் லயத்துப் பாதையில் இறங்கினார்கள். அஞ்சாம் நம்பர் தப்பிவிட்டது என்று ஞானாம்பிகை சொன்னாள்.

"நல்லதுங்க. அந்த லயத்துப் புள்ளைகளாவது பொழச்சிச்சு" என்றாள் காத்தாயி. கொஞ்சம் நடந்த பிறகு கேட்டாள். "நம்ம பீலி எப்பங்க குடிக்கலாம்?"

இந்தத் தடவை ஞானாம்பிகை அலுப்பைப் பார்க்கவில்லை, பாதியில் விழுங்கவும் இல்லை. முழுதாகச் சொன்னாள். அந்த நஞ்சு மண்ணை விட்டுப் போகாது, வருடக்கணக்காக நிற்கும், ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும், இந்தக் குழந்தை கொழுந்துக் கூடை தூக்குகிற வயது வரும்வரை ஒரு வாய் கூடக் குடிக்கக் கூடாது என்றாள். சொல்லிவிட்டு, "என்ரை பிழை காத்தாயி. முதல் தரமே சரியா வந்திருந்தால் ஊத்தியிருக்க மாட்டாங்கள்" என்றும் சொன்னாள்.

பீலியடிக்கு வந்துவிட்டார்கள். மூங்கில் இல்லாமல் தண்ணீர் பாறையில் நேராக விழுந்து ஓடிக்கொண்டிருந்தது. குழந்தை அதைப் பார்த்துக் கையை நீட்டியது. காத்தாயி அதன் கையைப் பிடித்து மடக்கினாள்.

"பாக்க நல்லாத்தானேங்க இருக்கு" என்றாள். குடத்தை மற்ற இடுப்புக்கு மாற்றிக்கொண்டு ஆற்றுப் பாதையில் இறங்கினாள்.